ஹெதர்லிக்கு ஒரு நியாய விலை

உலகத்தில் ஒலியை உள்ளபடி கேட்கத் தெரிந்த காதுகள் மொத்தம் நூறு இருக்கலாம் என்றும், அவற்றில் பதினான்கு பினாங்குத் தீவில் இருக்கின்றன என்றும் பினாங்கு தூய ஒலி அன்பர் சங்கத்தின் விதிமுறைப் புத்தகம் முதல் பக்கத்திலேயே சொல்கிறது. சங்கத்தில் ஏழு பேர் இருந்த காலத்தில் எழுதியது. பிறகு மூன்று பேர் இறந்துபோனார்கள். ஒருவர் மகனோடு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். மிச்சமிருக்கிற மூவரில் ஹைதருக்கு ஒரு காது கேட்காது. விதிமுறையைத் திருத்த வேண்டுமென்றால் பொதுக்குழு கூட வேண்டும். பொதுக்குழுவுக்கு ஐந்து பேர் வேண்டும். அதனால் பதினான்கு பதினான்காகவே இருக்கிறது.

அந்தப் பதினான்கில் முதல் இரண்டும் சங்கத் தலைவர் தங்கராஜுவுடையவை. வயது அறுபத்தொன்பது. கப்பல் கம்பெனி ஆபீசில் தலைமை கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். குயின் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில், மனைவி லோகேஸ்வரியோடு முப்பத்து நாலு வருஷமாக வாடகைக்கு இருந்தார். மாடியின் முன்னறை முழுக்க ஹெதர்லிதான்.

ஹெதர்லி என்பது 1962-இல் இங்கிலாந்தில் செய்த ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர், அதோடு வந்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். பெட்டி ஒவ்வொன்றும் லோகேஸ்வரியின் தோள் உயரம். கம்பெனி மொத்தமே முந்நூறு செட்தான் செய்து மூடிவிட்டதாம். பினாங்கில் இருந்தது இரண்டு. இன்னொன்று சங்கச் செயலாளர் மோகனராஜிடம். அவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை சங்கம் தங்கராஜு வீட்டில் கூடும். ஒரு பழைய இசைத்தட்டைப் போட்டுவிட்டு மூவரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். தட்டு முடிந்ததும் கண்ணைத் திறந்து, கேட்டது என்ன என்பதை மோகனராஜ் கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் எழுதுவார். 'வலது புறம் தெளிவு. இடது புறம் ஆழம். தபலாவுக்கும் பாடகருக்கும் நடுவே ஒரு முழம் காற்று.' இந்த மாதிரி.

இந்த வருஷம் கடைவீட்டை ஒரு ஹோட்டல்காரர் வாங்கிவிட்டார். மாடியில் எட்டு அறை போடப் போகிறாராம். மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. கடிதத்தில் 'பாரம்பரியத்தைப் பாதுகாக்கும் நோக்கில்' என்று எழுதியிருந்தது.

போவதற்கு இரண்டு இடங்கள். ஒன்று, ஆயர் ஈத்தாமில் பாசார் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஃபிளாட். நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது, ஆனால் சொந்தம். விலை தொண்ணூறாயிரம் வெள்ளி. தங்கராஜுவின் சேமிப்பு அறுபத்து நாலாயிரம். மற்றது, கடலுக்கு அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமில் மகள் துளசியின் வீட்டில், சமையற்கட்டுக்குப் பின்னால் உள்ள அறை. அதில் இப்போதைக்குக் காஸ் தோம்பு, அரிசி மூட்டை, மருமகன் சுகுமாரன் வாங்கி இரண்டு வாரம் ஓடிய ஓட்டப் பொறி ஆகியவை வசித்தன.

"வாங்கப்பா, எப்ப வேணாலும் வாங்க," என்று துளசி போனில் சொன்னாள். "ஆனா அந்தப் பெட்டிங்க மட்டும் வேணாம்பா. கதவுல நொழையாது."

ஆகக் கணக்கு எளிதானது. ஹெதர்லி இருபத்தாறாயிரத்துக்குப் போனால் ஆயர் ஈத்தாம். போகாவிட்டால் ஓட்டப் பொறியின் பக்கத்தில் கட்டில்.

தங்கராஜுவுக்கு இதில் கவலையே இல்லை. "இருபத்தாறா? அறுபதுக்குக் கொறைய மாட்டேன் லா," என்றார். மிச்சத்தில் ஃபிளாட்டின் கூடத்துக்கு எதிரொலி வராத அட்டை ஒட்டுவதாகத் திட்டம். ஃபிளாட்டுக்காரர் சனிக்கிழமை சாயங்காலம் வரைதான் காத்திருப்பேன் என்று சொல்லியிருந்தார். அதனால் சனிக்கிழமை காலையில் கமாலை வரச் சொன்னார்கள்.

கமால் ஆயர் ஈத்தாமில் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பழைய சாமான்களை வாங்கி விற்பதும் உண்டு. பள்ளிப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் ஒன்றில் விலைகள் எழுதி வைத்திருப்பார். யாராவது கேட்ட விலையை அதில் எழுதவே மாட்டார். பணம் கைமாறிய விலை மட்டும்தான். சந்தேகம் வந்தால் வாங்கினவருக்கே போன் போட்டுக் கேட்பார். இந்த வழக்கத்தால் சங்கத்தில் அவருக்கு நல்ல பெயர் இல்லை.

பத்து மணிக்கு வந்தவரைப் பின்பக்கப் படி வழியாகத்தான் ஏறச் சொன்னார்கள். முன்பக்கப் படியில் ஹோட்டல்காரரின் ஆட்கள் அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள். பின்கட்டில் நனைந்த போர்வையும் மூன்று கைலியும் காய்ந்தன. கமால் குனிந்து அவற்றுக்கு அடியில் நுழைந்து வந்தார்.

"நல்ல துணிக்கொடி அக்கா. இவ்வளவு பாரத்துக்குத் தொய்யவே இல்ல."

"அஞ்சு வருஷமா கெடக்குது தம்பி. கயிறுன்னா இந்நேரம் நாலு வாங்கியிருப்பேன்," என்றாள் லோகேஸ்வரி. "கோப்பி குடிக்கிறீங்களா?"

முன்னறையில் சங்கம் முழுமையாகக் கூடியிருந்தது. தலைவர் தமக்கென்று நடுவில் போட்ட நாற்காலியில். செயலாளர் மோகனராஜ் சோபாவில், மடியில் கூட்டக் குறிப்புப் புத்தகம். மார்க்கெட் ஸ்திரீட்டில் நாணய மாற்றுக்கடை வைத்திருக்கும் ஹைதர் சன்னலோரம் நின்றார், கேட்கிற காதை அறைப்பக்கம் திருப்பி.

கமால் ஆம்ப்ளிஃபயரின் ஸ்விட்சைத் தேடிக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க தம்பி!" என்றார் தங்கராஜு. "சனிக்கிழமை. பத்தரை வரைக்கும் ராகு காலம். இது விக்கிற பொருள்."

"நான் பதினோரு மணிக்கு ஜோர்ஜ்டவுன்ல இன்னோர் எடத்துக்குப் போகணும்ணே."

"பத்து முப்பத்தொண்ணுக்குப் போட்டுக் காட்டறேன். அதுக்குள்ள வெளியில பாருங்க."

"எனக்கும்தான் கடை தொறக்கணும்," என்றார் ஹைதர். "எங்க ஆளுங்களுக்கு ராகு காலம் கெடையாது. ஆனா இந்த வீட்டுக்குள்ள வந்தா எனக்கும் சேர்த்துப் புடிக்குது."

கமால் டார்ச்சை எடுத்தார். "சரி, பாட்டு அப்புறம். மொதல்ல நீங்க எவ்வளவு நெனச்சிருக்கீங்க?"

"நான் நெனைக்கிறது முக்கியமில்ல. உலகச் சந்தை என்ன நெனைக்குதுன்னு பாருங்க." தங்கராஜு ஒரு ஃபைலைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட ஒரு தாளை நீட்டினார். "சர்வதேச வலைத்தளம். இதே மாடல். அறுபத்தெட்டாயிரம் வெள்ளி. நான் பேராசைக்காரன் இல்ல, அறுபதுக்கே விட்டுடறேன்."

கமால் மூக்குக்கண்ணாடியைப் போட்டுத் தாளை வெளிச்சத்தில் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"போட்டோவுல சன்னல் வழியா நம்ம ஊரு கொம்தார் கோபுரம் தெரியுதேண்ணே."

மோகனராஜ் கூட்டக் குறிப்பில் எதையோ அவசரமாகத் தேடினார்.

"இது நம்ம சாரோட செட்டுதானே? நாலு வருஷமா அங்கேயே கெடக்கு. மொதல்ல அறுபது போட்டிருந்தீங்க. வருஷத்துக்கு ரெண்டாயிரம் ஏத்திக்கிட்டே வந்திருக்கீங்க சார்."

"விலைவாசி ஏறுதில்ல?" என்றார் மோகனராஜ், தலை நிமிராமல்.

"யாராச்சும் கேட்டாங்களா?"

"போலந்துல இருந்து ஒருத்தர் எழுதினார்."

"வாங்கறேன்னா?"

"முன்னாடி இருக்கிற திருகு மட்டும் தனியா கெடைக்குமான்னு."

ஹைதர் சன்னலுக்கு வெளியே பார்த்துச் சிரித்தார். கமால் சிரிக்கவில்லை. "சரி சார், அந்த மொத அறுபதாயிரம் எங்கேருந்து வந்துச்சி?"

"அது தலைவர் கூட்டத்துல அறிவிச்ச மதிப்பு. பதிவாயிருக்கு."

"அண்ணே, நீங்க எதை வச்சி அறிவிச்சீங்க?"

தங்கராஜு தாளை வாங்கி உறையின் சுருக்கத்தை நீவினார். "செயலாளர் அந்த விலைக்குத்தான் போடலாம்னு இருக்கேன்னாரு. படிச்சவரு. விசாரிக்காமலா சொல்வாரு?"

கோப்பியோடு வந்த லோகேஸ்வரியிடம் கமால் திரும்பினார். பழைய சாமான் விலை பேசும் வீட்டில் புருஷனிடம் ஒரு தடவை, மனைவியிடம் ஒரு தடவை கேட்பது அவருடைய முறை. "அக்கா, இத எவ்வளவுக்கு வாங்கினீங்க?"

"ஒன்பதாயிரம்," என்றார் தங்கராஜு.

"தொள்ளாயிரம்," என்றாள் லோகேஸ்வரி. "எஸ்டேட் டாக்டர் ஒரு வெள்ளைக்காரரு ஊருக்குப் போறப்ப குடுத்தாரு. கூடவே ஒரு மேசை விசிறியும் குடுத்தாரு. அது இன்னும் நல்லா ஓடுது."

மேசை விசிறி மூலையில் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது.

கமால் தரையில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கத்தை எல்லாருக்கும் காட்டினார். "இந்த மாடல் இந்தப் பக்கத்துல நெசமா கைமாறினது ரெண்டு தடவ. சிங்கப்பூர்ல ஒண்ணு, ஒரிஜினல் பெட்டி, காகிதமெல்லாம் இருந்துச்சி. நம்ம காசுக்கு நாப்பத்தொண்ணு. கோலாலம்பூர்ல ஒண்ணு, போன வருஷம், காகிதம் இல்ல, ஆனா சுத்தமான செட்டு. முப்பத்து மூணு. ரெண்டு பேர்கிட்டயும் நானே பேசினேன். அப்ப நாம முப்பத்து மூணுல ஆரம்பிப்போம்."

"ஆரம்பிச்சி மேல போறீங்களா, கீழ போறீங்களா?" என்றார் ஹைதர்.

"பாப்போம் மாமா."

கீழேதான் போனார். ஆம்ப்ளிஃபயரின் முகப்பில் தங்க எழுத்தில் கம்பெனிப் பெயர் இருக்க வேண்டும். நடுவில் நாலு எழுத்தைக் காணோம். அந்த இடத்தில் வட்டமாக மூன்று கறை.

"இது என்னண்ணே?"

"சரஸ்வதி பூஜை," என்றார் தங்கராஜு, இதில் விளக்க என்ன இருக்கிறது என்ற தோரணையில். "வருஷா வருஷம் சந்தனம் குங்குமம் வைக்கிறதுதான். மறுநாள் தொடைச்சிடுவோம்."

"எதால தொடைச்சீங்க?"

"குத்துவிளக்கு தேய்க்கிற அதேதான்," என்றாள் லோகேஸ்வரி.

கமால் மூவாயிரம் கழித்தார். மூடியைக் கழற்றினார். உள்ளே வால்வுகள் மேல் பழுப்பாய் ஒரு படலம். முகர்ந்து பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை சாம்பிராணி," என்றார் தங்கராஜு. "கரப்பான் அண்டாது."

கரப்பான் ஒன்று மின்தேக்கியின் அடியில் காய்ந்துபோய்க் கிடந்தது. கமால் அதை எடுத்து மரியாதையாகத் தாளில் மடித்து வைத்தார். கழுவித் துடைக்க ஓராயிரம். வால்வுகளில் சீன எழுத்து இருந்தது. ஒரிஜினல் இங்கிலாந்து வால்வு என்று இருபது வருஷமாக அவற்றின் இனிமையைப் பதிவு செய்து வந்த மோகனராஜ், எழுத்தைக் கிட்டத்தில் பார்த்துவிட்டு, அந்தக் காலத்தில் இங்கிலாந்துக்காரர்களே சீனாவில் செய்திருப்பார்கள் என்றார். நாலாயிரம். வலது ஸ்பீக்கர் பெட்டியின் முன்துணியை என்றோ எலி கடித்து, லோகேஸ்வரி அங்கே மார்க்கெட் ஸ்திரீட்டில் வாங்கிய ரவிக்கைத் துணியைத் தைத்திருந்தாள். ஜரிகையில் மாங்காய் போட்டது. அதற்கொரு மூவாயிரம்.

இடது பெட்டி சாமி அலமாரியை ஒட்டி மூலையில் நின்றது. அதன் துணி ஒரிஜினல். கமால் டார்ச் அடித்துப் பார்த்து முதல் தடவையாகத் தலையாட்டினார். "இது நல்லாருக்கு. பின்னாடி பாக்கணும்னா அலமாரியை நகர்த்தணும்."

"உள்ள வெளக்கு எரியுது," என்றார் தங்கராஜு. "அந்தப் பெட்டிக்கு ஒண்ணும் கொறையில்ல. அதுக்குப் போட்டிருக்கிறது ஆக்ஸிஜன் இல்லாத செம்பு வயரு. மீட்டர் நூத்தைம்பது வெள்ளி. அலமாரியைச் சுத்திப் போகணும்னு அந்தப் பக்கத்துக்கு மட்டும் எட்டு மீட்டர் வாங்கினேன். இடது பக்கத்துல ஒரு ஆழம் வரும் பாருங்க, அது வயரோட ஆழம்."

"பதிவாயிருக்கு," என்றார் மோகனராஜ்.

கமால் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டார். "முப்பத்து மூணுல பதினொண்ணு போச்சுண்ணே. இருபத்திரெண்டாயிரம். பாடினா, இந்த விலைக்கு நானே எடுத்துக்கறேன். இன்னிக்கே பணம். என் கடைக்கு இதுல ஆயிரமோ ரெண்டாயிரமோதான் நிக்கும், அல்லாமேல ஆணையா."

தங்கராஜு எழுந்து சன்னல் வரை போய்த் திரும்பினார். அறுபதிலிருந்து இருபத்திரெண்டுக்கு இறங்குவது சுலபமில்லை. ஐம்பது என்றார், கமால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். நாற்பது என்றார், கமால் கோப்பியைக் குடித்தார். தரமறியாத நாடு என்றார், அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்து, "இருபத்திரெண்டு," என்று தமக்குத் தாமே சொல்லிப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. மோகனராஜ் முகம் இன்னும் மோசம். அவர் வீட்டில் இருப்பதும் அதே ஹெதர்லிதான். அவர் வீட்டிலும் சரஸ்வதி பூஜை உண்டு.

"இருபத்தாறுதானே வேணும்?" என்றார் ஹைதர் திடீரென்று. "நாலு நான் தரேன். மெதுவா குடு தங்கராஜு. ஒனக்குக் குடுக்காம யாருக்குக் குடுக்கப்போறேன்? நீ அந்தக் கரைக்குப் போயிட்டா ஞாயித்துக்கிழமை நான் எங்க போய் உக்கார்றது?"

லோகேஸ்வரி கோப்பிக் கோப்பைகளை அடுக்கியவள் அப்படியே நின்றாள். "அப்ப ஆயர் ஈத்தாமா?"

"ஆயர் ஈத்தாம்தான்க்கா," என்றார் கமால். "என் கடைக்கு எதுத்த புளோக்கு. படிதான் கொஞ்சம் ஜாஸ்தி."

"படி கெடக்கட்டும் தம்பி." அவள் புடவைத் தலைப்பால் கையைத் துடைத்தாள். "நடந்து போனா பாசாரு. மருமகன் வீட்டுல ஒரு முட்டை வாங்கணும்னாலும் அவரு கெரெத்தாவை ஓட்டிட்டு வர்ற வரைக்கும் காத்திருக்கணும்." பிறகு, பேசினது அதிகமோ என்பதுபோல் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். உள்ளே எதையோ முணுமுணுத்தாள். பாட்டுப் போலிருந்தது. சங்கத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

மணி பத்து முப்பத்தொன்று ஆனது. தங்கராஜு சாமி அலமாரியைப் பார்த்துக் கும்பிட்டு ஸ்விட்சைப் போட்டார். வால்வுகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. தட்டைத் துடைத்து வைத்து ஊசியை இறக்கினார். பழைய சினிமாப் பாட்டு. முதலில் வயலின்கள், பிறகு ஓர் ஆண் குரல். தங்கராஜு கண்ணை மூடினார். மோகனராஜ் கண்ணை மூடினார். ஹைதர் கேட்கிற காதைத் திருப்பிக் கண்ணை மூடினார்.

"அந்த இடது பக்கத்து வயலினைக் கேளுங்க," என்றார் மோகனராஜ் தணிந்த குரலில். "மூலையிலேருந்து பனி மாதிரி எறங்குது."

கமால் கண்ணை மூடவில்லை. எழுந்துபோய் இடது பெட்டியின் துணிமேல் காதை வைத்தார், டாக்டர் நெஞ்சில் வைப்பதுபோல. கொஞ்ச நேரம் கழித்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"இது பாடலையேண்ணே."

"எது?"

"இந்தப் பெட்டி. சத்தமெல்லாம் அந்த மாங்காய்ப் பெட்டிலேருந்து மட்டும் வருது."

தங்கராஜு கண்ணைத் திறந்தார். "போன ஞாயித்துக்கிழமை பாடிச்சே!"

"பதிவாயிருக்கு," என்றார் மோகனராஜ். எழுந்து நின்று, பக்கத்தைப் புரட்டி, பள்ளி அசெம்பிளியில் வாசிப்பதுபோல வாசித்தார். "'இடது புறம் முன்னெப்போதும் இல்லாத ஆழம். வீணையின் மந்தர ஸ்தாயி அறையின் மூலையைத் தாண்டிச் சுவருக்கு அப்பால் நிற்கிறது.' இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்? இப்பத்தான் கெட்டிருக்கும். நீங்க தொட்டு நகர்த்தினதுல—"

"நான் அந்தப் பெட்டியைத் தொடவே இல்ல சார்."

சாமி விளக்கை அணைத்து, ஹைதரும் கமாலும் அலமாரியை ஒரு முழம் நகர்த்தினார்கள். கமால் இடுக்கில் தலையை விட்டு டார்ச் அடித்தார். அங்கே ஒட்டடை இருந்தது, ஒரு சீப்பு இருந்தது, 2019 நாள்காட்டி இருந்தது.

"வயரு எங்கண்ணே?"

"அங்கதான். எட்டு மீட்டர்."

"இல்லண்ணே. வயரே இல்ல."

லோகேஸ்வரி வாசற்படியில் வந்து நின்றிருந்தாள். "எந்த வயரு? கண்ணாடி மாதிரி மொத்தமா இருக்குமே, அந்த வயரா?"

யாரும் பதில் சொல்வதற்குள் அவள் பின்கட்டுக்குப் போனாள். ஈரப் போர்வை தரையில் விழும் சத்தம் கேட்டது. கைலிகளை ஒரு தோளில் போட்டுக்கொண்டு, மறு கையில் வயரைச் சுருட்டியபடி வந்தாள். ஒரு நீலக் கவ்வி இன்னும் அதில் மாட்டியிருந்தது.

"கொரோனா எம்சிஓ நேரத்துல கயிறு அறுந்துபோச்சி. கடை ஒண்ணும் தொறக்கல. அலமாரிக்குப் பின்னாடி சும்மா சுருண்டு கெடந்துச்சி, இத உருவி எடுத்துக் கட்டினேன். அப்புறம் கேட்டா குடுத்துரலாம்னு இருந்தேன்." புருஷனைப் பார்த்தாள். "நீங்க ஒண்ணுமே கேக்கல. சரி, தேவையில்லாத வயருன்னு நெனச்சிட்டேன்."

பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. ஊசியை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

கமால்தான் எடுத்தார். ஸ்விட்சை அணைத்து, வயரின் முனைகளைச் சீவி இரண்டு பக்கமும் மாட்டி, மறுபடி போட்டார். இடது பெட்டி அப்போதும் பேசவில்லை. வயரை ஆம்ப்ளிஃபயரின் வலது பக்கத்துக்கு மாற்றி மாட்டினார், இடது பெட்டி பாடியது. பெட்டி உயிரோடுதான் இருந்தது. ஆம்ப்ளிஃபயரை மெல்லச் சாய்த்து அடியில் முகர்ந்தார்.

"மொதல்ல இந்த வாசத்தைச் சாம்பிராணின்னு நெனச்சிட்டேன்," என்றார். "வால்வு ஆம்பு வெறுமனே ஓடக்கூடாதுண்ணே. போற கரண்டு ஸ்பீக்கர்ல எறங்கணும். எறங்க எடமில்லன்னா உள்ளயே சூடாகி இந்த டிரான்ஸ்பார்மர் வெந்துரும். இது வெந்து ரொம்ப நாளாச்சி. இந்தக் கம்பெனி டிரான்ஸ்பார்மர் இனிமே கெடைக்காது. சுத்திப் போட்டாலும் ஒரிஜினல் இல்ல."

"அப்ப விலை?" என்றாள் லோகேஸ்வரி. மற்றவர்கள் யாரும் கேட்கவில்லை.

கமால் நோட்டை எடுத்தார், எழுதாமல் மூடினார். "ரெண்டு பெட்டிக்கும் மிச்சச் சாமானுக்குமா ஆறாயிரத்து ஐநூறுதான்க்கா. ஐநூறு நான் கூடத்தான் போட்டிருக்கேன்."

ஹைதர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலாயிரம் என்றது நாலாயிரம்தான். பதினெட்டு, இருபது என்றால் அது வேறு பேச்சு. "கடை தொறக்கணும்," என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். படியில் அவர் நின்று மூக்கைச் சிந்துவது கேட்டது. மோகனராஜும் எழுந்தார். போகும் அவசரத்தில் கூட்டக் குறிப்புப் புத்தகத்தை சோபாவிலேயே விட்டுவிட்டார். அன்று சாயங்காலமே வலைத்தளத்தில் தன்னுடைய ஹெதர்லியின் விலையை எழுபத்தைந்தாயிரமாக ஏற்றினார். 'மலேசியாவில் முழுமையாக இயங்கும் ஒரே செட்' என்றும் சேர்த்தார். வீட்டில் அதைப் போட்டுச் சோதித்துப் பார்க்கவில்லை.

ஆயர் ஈத்தாம் ஃபிளாட்டுக்காரருக்கு, வேண்டாமென்று லோகேஸ்வரிதான் போன் செய்தாள். தங்கராஜு நாற்காலியை விட்டு எழவில்லை. கமாலின் ஆட்கள் இருவர் மறுநாள் பெட்டிகளைத் தூக்கிப்போனபோது, தரையில் இரண்டு சதுரம் வெளுப்பாகத் தெரிந்தது. ஹோட்டல்காரரின் ஆள் ஒருவர் அவற்றை அளந்து குறித்துக்கொண்டார். வயரை மட்டும் கமால் எடுத்துக்கொள்ளவில்லை. வெயிலில் வெந்துபோய்விட்டது, விலையில்லை என்றார்.

மாதக் கடைசியில் சாமான்கள் ஒரு சின்ன லோரியில் பாலத்தைத் தாண்டிப் போயின. புக்கிட் மெர்தாஜாம் வீட்டின் பின்னறையில் ஓட்டப் பொறியை மடிக்க முடியவில்லை. அதனால் கட்டிலை அதற்குக் குறுக்கே போட்டார்கள். தங்கராஜு சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்தார். சமையற்கட்டில் மிக்ஸி ஓடியது, கூடத்தில் டிவி ஓடியது, பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. எல்லாம் நன்றாகக் கேட்டது. லோகேஸ்வரி எட்டு மீட்டர் வயரைப் பின்வாசலில் இரண்டு தூணுக்கு நடுவே இழுத்துக் கட்டி, மருமகனின் சட்டைகளைக் காயப்போட்டாள்.

சமையல் பாத்திரங்களுக்கு நடுவே கூட்டக் குறிப்புப் புத்தகமும் வந்திருந்தது. அதை எங்கே வைப்பது என்று கேட்க எடுத்த துளசி, நின்றபடி சில பக்கங்களைப் புரட்டினாள். ஒரு தீபாவளி வாரத்தில் தன் பெயர் வருவதைப் பார்த்தாள். அவளுக்கு அது ஞாபகமே இல்லை.

7 நவம்பர் 2021. கூட்டத்தின் நடுவே கோப்பி கொண்டுவந்த தலைவரின் மகள் துளசி, "ஒரு பக்கம் பாடவே இல்லையேப்பா," என்றார். பயிற்சியற்ற காது என ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது. முன்மொழிந்தவர் தங்கராஜு. வழிமொழிந்தவர் ஹைதர்.